ஆனையூருக்கு வந்த தட்டை மீன்

பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். துப்புவதற்கு முன்னாலேயே தண்ணீர் இடது ஓரத்தில் தானாக வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. என்னடா இது என்று கண்ணாடியைப் பார்த்தால், வலது பக்கம் இருப்பது நான், இடது பக்கம் இருப்பது யாரோ. கண் மூட மாட்டேன் என்கிறது, புருவம் ஏற மாட்டேன் என்கிறது, வாய் வலது காதைப் பார்த்து இழுத்துக்கொண்டு நிற்கிறது. "அம்மா!" என்று கத்தினேன். அந்த 'ம்'கூட ஒழுங்காக ஒட்டவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதற்றம் வந்தால் மனிதருக்குச் செருப்பு எந்தக் காலுக்கு எது என்றே தெரியாது. லுங்கியோடு என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டாக்டர் என்னை விசிலடிக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பிறகு, "பக்கவாதம் இல்லைம்மா, முகத்துக்குப் போற நரம்பு மட்டும் வீங்கியிருக்கு. தானா சரியாயிரும்" என்றார். எப்போது என்று கேட்டேன். சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாசக்கணக்கில். அப்புறம் குரலைத் தணித்து, "சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்னுரும்" என்றும் சொன்னார்.

எனக்கு அந்த 'மிச்சம்'தான் மனசில் நின்றது. ஏனென்றால் எங்கள் மகளுக்கு அப்போதுதான் திருமங்கலத்தில் இருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, படம் பிடித்துப் போய், பையனும் அவளும் போனில் பேசி, பெண் பார்க்க வருவதற்கு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. ஒன்றிரண்டு வரன்கள் தட்டிப் போன பிறகு அவளுக்கே பிடித்து வந்த முதல் இடம் இதுதான். பெண்ணின் அம்மா வாயைக் கோணிக்கொண்டு நடுக்கூடத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? நாளைக்கு இவளுக்கும் இப்படி வருமோ என்று அவர்கள் யோசிக்க மாட்டார்களா? சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தால் யோசிப்பேன்.

ஆபீசில் எனக்குக் கறாரானவள் என்று கொஞ்சம் பேர் உண்டு. வெட்டிப் பேச்சு பேச வருகிறவர்கள் என் மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவார்கள். அப்படிப்பட்டவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தேன். கன்னத்துக்குப் பயிற்சியாம். ஊதினால் காற்று பலூனுக்குள் போகாமல் இடது ஓரமாகப் 'புஸ்' என்று போய்விடும். ஒரு பலூனையும் நான் ஊதி முடித்ததில்லை, எரிச்சலில் ஒரு பாக்கெட் பலூனை ஊசியால் குத்திப் போட்டேன்.

அப்படி ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரில் தண்ணீரோடு வந்தார். டாக்டர் மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னாராம், அதற்காக மீன் வாங்கி வந்திருக்கிறாராம். மகள் பள்ளிக்கூடம் படித்தபோது வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒன்று பரணில் சும்மா கிடந்தது, அதையும் இறக்கிக் கழுவி மணலைப் போட்டார். கவரைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"காலிக் கவரைக் குடுத்து உங்களை ஏமாத்திட்டான்" என்றேன்.

"நல்லாப் பாரு. ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும், வட்டமாக, தட்டையாக, கருக விட்ட அடை மாதிரி. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தது. கண் இரண்டும் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"ஊர்ல வேற மீனே கெடைக்கலையா? எனக்கு ஜோடி சேக்கத் தேடிப் பிடிச்சு வாங்குனீகளா?"

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. "அய்யய்யோ, சத்தியமா அப்படி நெனைக்கலடி. புதுசா வந்திருக்குண்ணேன்னு கடைக்காரத் தம்பி சொன்னாரு. வித்தியாசமா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார். நம்பினேன். அம்புட்டு குத்தலாக யோசிக்கிற புத்தி அவருக்குக் கிடையாது.

தொட்டியில் விட்ட கொஞ்ச நேரத்தில் மீனைக் காணோம். துள்ளி வெளியே விழுந்துவிட்டது என்று விளக்குமாற்றை விட்டு சோபாவுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், மணலுக்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் தெரிகிறது. ஒரு கண் என்னைப் பார்க்கிறது. இன்னொரு கண், கேளுங்கள், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்கிறது! ஒன்று ஒரு பக்கம், மற்றது இன்னொரு பக்கம், தனித்தனியாகத் திரும்புகின்றன. உடம்பு முழுக்க மணல் நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது. கையில் விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பலூன் ஊதுகிற நேரமெல்லாம் தொட்டிக்கு முன்னால்தான். அது நீந்துகிறதே, அதை நீச்சல் என்று சொல்லக் கூடாது. ஓரத்துத் துடுப்புகள் அலை அலையாக அசைய, தரையோடு தரையாக ஒழுகிப் போகும். சில சமயம் கண்ணாடியில் ஏறிப் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். அப்போது அதன் அடிப்பக்கம் தெரியும். கண்ணும் இல்லை, நிறமும் இல்லை, வெள்ளைத் துணி மாதிரி ஒரு முகம். அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு முதலில் பயமாக இருந்தது. என் இடது கன்னத்தை நான் கண்ணாடியில் பார்ப்பதைத் தவிர்த்து வந்த காலம் அது.

சில நாளில் மீன் வாடிப் போயிற்று. தின்னவில்லை. ஓரமெல்லாம் பிய்ந்தது மாதிரி ஆனது, மணலுக்குள் புதையக்கூடத் தெம்பில்லாமல் மேலேயே கிடந்தது. கடைக்குப் போன் போட்டால், "நல்ல தண்ணி மீன்தாங்க்கா, பயப்படாதீங்க" என்றார் அந்தத் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. நாம் மார்க்கெட்டில் இதே மாதிரி தட்டையான நாக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தவர்கள்தானே. இந்தச் சாதி மீன் ராமேஸ்வரம் பக்கமிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐஸில் வரும், அதாவது கடலிலிருந்து வரும். அதன் பங்காளி ஒன்று மதுரையில் குடிக்கிற தண்ணீரில் எப்படி உயிரோடு இருக்கும்?

போனை எடுத்து உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்து, ஒரு மத்தியானம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். சந்தேகமே இல்லை, கடல் மீன். அதுவும் நம் கடல் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரை! அங்கே ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் இருக்கிற சாதி. குஞ்சாக இருக்கும்போது ஆற்றில் எதிர்த்து ரொம்ப தூரம் மேலே ஏறி வந்துவிடும், அதனால் நல்ல தண்ணீரிலும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும். வளர வளர அதற்கு உப்பு வேண்டும். அந்தக் கொஞ்ச காலத் தாக்குப்பிடிப்பை நம்பித்தான் கவரில் கட்டி விற்கிறார்கள். நான் தெற்கே கன்னியாகுமரி, வடக்கே திருப்பதி, அதைத் தாண்டிப் போனதில்லை. இந்த அடை அளவு உயிர் பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி எத்தனை கை மாறி, எத்தனை கவர் மாறி மதுரை ஆனையூரில் என் தொட்டிக்கு வந்திருக்கிறது! அதை நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியம் மாளவில்லை.

வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "பேசாம வண்டியூர் தெப்பக்குளத்துல விட்டுருவோம். புண்ணியமாப் போகும்."

"அதுவும் நல்ல தண்ணிதானே. இங்க சாகுறது அங்க போய்ச் சாகும். சாகாமப் பெருகுச்சுன்னா அங்க இருக்கிற மீனோட கதி என்ன? புண்ணியத்துக்கு வேற வழி பாருங்க."

அது அமெரிக்காவிலிருந்து வந்ததைவிடப் பெரிய அதிசயத்தை அன்றைக்கே படித்தேன். இந்த மீன் முட்டையிலிருந்து வரும்போது தட்டை கிடையாது. எல்லா மீனையும் போல நிமிர்ந்து நீந்தும். இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். கொஞ்ச நாளில் ஒரு கண் கிளம்புகிறது. ஆமாம், கிளம்புகிறது! மண்டை எலும்பு முறுக்கிக்கொள்ள, கண் உச்சந்தலையைத் தாண்டி மெல்ல மெல்ல மறுபக்கம் போய், அங்கே இருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் குடியேறிவிடுகிறது. வாயும் கோணிக்கொள்கிறது. அப்புறம் அந்த மீன் கண்ணில்லாத பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்து, வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறது. சில சாதியில் வலது கண் போகுமாம், சிலதில் இடது. எங்கள் மீனுக்குப் போனது இடது கண். அதைப் படித்ததும் என் கை தானாக என் கன்னத்துக்குப் போயிற்று.

வீட்டுக்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். "என்ன ம்? எலும்பு வளையுதுங்க! கண்ணு நடந்து போகுதுங்க!" என்று மறுபடியும் படித்தேன். "ம், ம்" என்றார். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள் இதற்கெல்லாம் அழக் கூடாது.

மீனுக்கு உப்பு போட ஆரம்பித்தேன். அயோடின் பாக்கெட் உப்பு ஆகாது என்று கல் உப்பைத் தனி வாளியில் கரைத்து, ஒரே நாளில் ஊற்றாமல் தினமும் கொஞ்சமாகச் சேர்த்தேன். உப்பு எம்புட்டு ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் வீட்டில் எதற்கும் ஒரே வழிதான், விரலால் தொட்டு நாக்கில் வைப்பது. வைத்தேன். வலது பக்கம் உப்புக் கரித்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. திரும்ப வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. நரம்பு வீங்கினால் பாதி நாக்குக்கு ருசி போகும் என்று அப்போதுதான் எனக்கே தெரியும். இத்தனை நாள் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறதென்று இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள், நான் அவர்கள் மேல் பாய்ந்தேன்.

"ஏம்மா, மீன் தொட்டித் தண்ணிய நக்கிக்கிட்டு நிக்கிறே!" என்று மகள் அலறினாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள்.

"வா, நீயும் ஒரு சொட்டு வச்சுச் சொல்லு. எனக்குப் பாதிதான் தெரியுது" என்றேன். தலையில் அடித்துக்கொண்டே வைத்துப் பார்த்து, "ரசத்துக்குப் போதும், கடலுக்குப் பத்தாது" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் என் முகம் இன்னும் கோணும், அதனால் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன்.

மீன் தேறியது. ஓரமெல்லாம் மறுபடி வளர்ந்தது. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் மணலோடு ஊர்ந்து வந்து லபக்கென்று விழுங்கும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அதற்காக அமெரிக்கா மீனைப் பட்டினி போட முடியுமா? கொல்லைப்பக்கம் போய்த் தனிக் கத்தியில் நறுக்கிப் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து விளக்கேற்றினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

என் முகம் அந்த அளவுக்குத் தேறவில்லை. கண் முக்கால்வாசி மூட ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். வாய் கோணினது கோணினபடி. ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

"நான் வெளிய வர மாட்டேன். தங்கச்சி மகளுக்குப் பிரசவம், அம்மா கோயமுத்தூர் போயிருக்கான்னு சொல்லிருங்க."

"அப்ப எனக்கு இந்த மாப்பிள்ளையே வேண்டாம்" என்றாள் மகள். "உன்னையப் பாத்துட்டு ஓடுறவகன்னா இப்பவே ஓடட்டும்."

"வாய மூடுடி. ஓடிட்டா அப்புறம் தெனமும் என் மூஞ்சியப் பாத்து நீ அழுவே. என்னால அதைப் பாக்க முடியாது."

அவள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் பாவம், "தங்கச்சி மகளுக்குப் பிரசவம், கோயமுத்தூர்" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லிப் பழகினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஞாயிறும் வந்தது. பையன், அப்பா, அம்மா மூன்று பேரும் வந்தார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே கோயமுத்தூர் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டார். நான் அடுக்களையில், திரைக்குப் பின்னால். என் வீட்டில், என் கையால் கிண்டிய கேசரி, என் கையால் போட்ட பஜ்ஜி, எல்லாவற்றையும் தட்டில் வைத்துச் சத்தம் போடாமல் மகளிடம் நீட்டுகிறேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டு போகிறாள். திரை இடுக்கில் பார்த்தேன். பையன் கண் அவளை விட்டு நகரவில்லை. இவளும் தட்டை வைத்துவிட்டு நிமிரும்போது லேசாகச் சிரித்தாள். என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

"காபி பிரமாதம். யாருண்ணே போட்டது?" பையனின் அம்மா கேட்டார்கள்.

"நான்தான்மா" என்றார் வீட்டுக்காரர். பால் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதென்று தெரியாத மனிதர்! நான் சேலை முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அந்தம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டு, "என்னண்ணே, தொட்டியில மீனே இல்லையே?" என்று கேட்டார்கள்.

"இருக்கும்மா. மணலுக்குள்ள கெடக்கும். அது ஒரு ஊனமான மீனு. பொறக்கும்போதே ஒரு பக்கம் கண்ணு இல்ல. பாவம்னு வாங்கிட்டு வந்தேன்."

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது. பொறக்கும்போதே இல்லையா? எத்தனை தடவை படித்துக் காட்டினேன்! 'ம், ம்' என்று கேட்டதெல்லாம் இதற்குத்தானா? ஊனமாம், பாவமாம்! அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. திரை விலகியிருந்தது, கையில் பஜ்ஜிக் கரண்டியோடு நான் கூடத்தில் நின்றிருந்தேன்.

"யாருங்க ஊனம்? அது பொறக்கும்போது நம்மள மாதிரிதான், ரெண்டு பக்கமும் கண்ணு. அப்புறம் ஒரு கண்ணு கிளம்பி, தலையச் சுத்தி, இந்தப் பக்கம் வந்துருது! யாரும் அதைப் புடிச்சுத் தள்ளல. அதோட எலும்பே வளைஞ்சு வழி விடுது. கடலுக்கு அடியில படுத்துக்கிட்டு மேல வர்றது போறது எல்லாத்தையும் ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்ல, அதுக்காக முகத்தையே மாத்தி வச்சுக்கிது. அமெரிக்காவுல இருந்து வந்திருக்கு, நம்ம கல் உப்புத் தண்ணியில பொழைச்சுக் கெடக்கு. இதைப் போயி பாவம்னு சொல்றீகளே!"

'ப'வும் 'ம'வும் வழுக்கி வழுக்கி விழுந்தன. நான் நிறுத்தவில்லை. மீனும் அந்த நேரம் பார்த்து மணலை உதறிவிட்டு எழுந்து, கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பையனின் அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போய், "அடேயப்பா" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பையனின் அப்பாவைத் தவிர மற்றவர்கள் பார்த்தது மீனை இல்லை, என் வாயை. மகள் காலித் தட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"கோயமுத்தூர்ல இருந்து இப்பத்தான் வந்தா" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டோம், மகள் வாழ்க்கையை ஒரு மீனுக்காகக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பையனின் அம்மா எழுந்து தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "கண்ணு அப்படி நகந்து போகும்போது அதுக்கு வலிக்காதா?"

அந்த மீனைப் பற்றி அத்தனை படித்தவள் நான். இதை மட்டும் எங்கேயும் படிக்கவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"தெரியலைங்க" என்றேன். அப்புறம், நான் சொல்ல வேண்டும் என்று நினைக்காமலே வந்துவிட்டது. "எனக்கு வலிச்சுச்சு. இந்தக் காதுக்குப் பின்னாடி, விண்ணு விண்ணுன்னு. இன்னும் வலிக்குது."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றாள் மகள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், போட்ட மையெல்லாம் கரைய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

பையனின் அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க மூத்த மகளுக்கு அனுப்பணும், எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்று போனை எடுத்தார். எல்லாரும் தொட்டிக்கு முன்னால் கூடினார்கள். நான் வர மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்தம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். நான் பழக்கத்தில் நல்ல பக்கத்தைக் காட்டித் திரும்பி நின்றேன்.

அந்தம்மாவின் விரல் என் முகத்தில் பட்டது. உணர்ச்சியில்லை என்று நான் நினைத்திருந்த இடது கன்னத்தில், நன்றாகவே தெரிந்தது. "முகத்தைத் திருப்பாதீங்க சம்பந்தி" என்றார்கள்.